எல்லாரும் கை தூக்கணும்

ஜனவரி 3, வெள்ளி

மாவட்ட அலுவலகத்திலிருந்து போன் வந்தது. மேல்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்தும் பட்டியலில் எங்கள் பள்ளியும் இருக்கிறதாம். இந்த மாதமே இணை இயக்குநர் நேரில் வந்து பார்ப்பார். அவர் சரி என்று எழுதிவிட்டால் ஜூனில் பதினொன்றாம் வகுப்பு இங்கேயே தொடங்கிவிடலாம்.

இந்த ஊரில் பத்தாவதோடு எல்லாம் முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க டவுனுக்குப் போக வேண்டும். காலையில் வருவது ஒரே ஒரு பஸ், அதிலும் படிக்கட்டு வரை ஆள். பையன்கள் தொங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பெண் பிள்ளைகளை யார் தொங்க விடுவார்கள்? போன வருடம் பத்தாவது பாஸான பெண்களில் பாதிப் பேர் இப்போது களை எடுக்கிறார்கள், இல்லாவிட்டால் திருப்பூரில் பனியன் மடிக்கிறார்கள். ஒருத்தி கையில் குழந்தையோடு ரேஷன் கடை வரிசையில் நின்று "வணக்கம் மேடம்" என்றாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தலைமை ஆசிரியை என்று பலகையில் பெயர் எழுதி எட்டு வருடம் ஆகிறது. ரிட்டயர் ஆவதற்குள் இந்த ஒன்றையாவது செய்துவிட்டுப் போக வேண்டும்.

மாவு புளித்துவிட்டது. இரவு ஊத்தப்பம்.

ஜனவரி 6, திங்கள்

பள்ளியை இன்று வெளியாள் போலச் சுற்றிப் பார்த்தேன். சுற்றுச்சுவர் மேற்குப் பக்கம் இடிந்திருக்கிறது. பெண்கள் கழிவறையில் தண்ணீர் வருகிறது, கதவில் தாழ்ப்பாள் இல்லை. எட்டாம் வகுப்பு ஃபேன் சுற்றும்போது தலையில் விழுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அதிகாரிகள் வந்தால் என்ன பார்ப்பார்கள் என்பது எனக்கு மனப்பாடம். சுவர், கழிவறை, ஸ்மார்ட் போர்டு, தேர்ச்சி விகிதம். பிறகு ஏதாவது ஒரு வகுப்பில் நுழைந்து நாலு கேள்வி. ஒரு பள்ளிக்கூடம் நல்லதா கெட்டதா என்பது அரை நாளில் தீர்மானமாகிவிடும்.

ஸ்மார்ட் போர்டுக்குக் கவலை இல்லை. அறிவியல் ஆசிரியர் வில்வநாதன் சார் சிங்கப்பூரில் இருக்கும் ஊர்க்காரர்களிடம் பேசி வாங்கிக் கொடுத்தது. அவர் பாடத்தில் வருடா வருடம் எல்லாரும் பாஸ். பள்ளி விட்ட பிறகும் ஆறு மணி வரை லேபில் பெண் பிள்ளைகளுக்கு ஸ்பெஷல் கிளாஸ் எடுக்கிறார். யார் எடுப்பார்கள்? மற்றவர்கள் மணி அடிப்பதற்கு முன்பே ஹெல்மெட்டைக் கையில் எடுத்துவிடுகிறார்கள்.

பத்தாம் வகுப்பு ஆசிரியை ரெஜினா மட்டும் எப்போதும் ஏதோ கசப்பு மருந்து குடித்த முகத்தோடு இருக்கிறாள். பட்டியலில் பெயர் வந்ததைச் சொன்னேன். "சந்தோஷம் மேடம்" என்றாள். சந்தோஷத்தைக் காணோம்.

ஜனவரி 8, புதன்

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் கை தூக்கப் பழக்கினேன்.

இது நான் கண்டுபிடித்ததில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் பள்ளியிலேயே இருந்தது, எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது. அதிகாரி கேள்வி கேட்டால் வகுப்பில் எல்லாரும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தால் வலது கை. தெரியாவிட்டால் இடது கை. அதிகாரி பார்வைக்கு எல்லாக் கையும் மேலே இருக்கும். நாம் வலது கை தூக்கிய பிள்ளையைக் காட்டி, "நீ சொல்லும்மா" என்றால் முடிந்தது.

"எல்லாரும் கை தூக்கணும். கையைக் கீழ வச்சவன் எவனாவது இருந்தா அன்னிக்கு இருக்கு அவனுக்கு. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மேடம்."

"பூமிக்கு எத்தனை நிலா?"

எல்லாக் கையும் எழுந்தது. பாதி இடது. சிரிப்பு வந்துவிட்டது. ஆறாம் வகுப்புப் பொடியன் ஒருவன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான். அவனுக்குப் பாதி தெரியுமாம்.

ஜனவரி 10, வெள்ளி

சுவருக்குச் சிமென்ட் வந்தது. பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் தங்கராசு ஆள் விட்டிருக்கிறார். அவருக்கும் பத்தாவதில் ஒரு பேத்தி இருக்கிறாள், அக்கறை இருக்கத்தானே செய்யும்.

மதியம் பத்தாம் வகுப்பு கோபிகா என் அறைக்கு வந்தாள். நன்றாகப் படிக்கிற பெண். அப்பா கேரளாவில் கொத்தனார் வேலை, அம்மா அஞ்சலை நூறு நாள் வேலைக்குப் போகிறவள். வந்தவள் ஷாலின் முனையைத் திருகிக்கொண்டே நின்றாள்.

"என்ன?"

"மேடம்... சயின்ஸ் ரெக்கார்டு நோட்டை ரெஜினா மிஸ்ஸே திருத்தட்டுமா மேடம்?"

"ஏன்டி, அந்தம்மா இங்கிலீஷ் டீச்சர். தவளைக்கு எத்தனை கால்னு அவங்களுக்குத் தெரியுமா?"

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"சார்கிட்ட நாங்க ஒவ்வொருத்தரா போய்க் கையெழுத்து வாங்கணும் மேடம்."

"ஆமா. எல்லா ஸ்கூல்லயும் அப்படித்தான். போ, போய்ப் படி."

போய்விட்டாள். வாசலில் இவள் வகுப்புப் பெண்கள் மூன்று பேர் நின்றிருந்தார்கள். இப்போதெல்லாம் இந்தப் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கப் போனாலும் கும்பலாகத்தான் போகிறார்கள். படிப்பில் மட்டும் அந்த ஒற்றுமையைக் காணோம்.

ஜனவரி 13, திங்கள்

பொங்கல் விடுமுறை. ஓசூரிலிருந்து மகன் வரவில்லை, ஷிப்ட்டாம். முழங்காலுக்குத் தைலம் தேய்த்தேன்.

ஜனவரி 22, புதன்

வந்து போய்விட்டார்கள். நன்றாகவே முடிந்தது என்று முதலில் எழுதிவிடுகிறேன்.

இணை இயக்குநர் பத்தரைக்கு வந்தார். அமைதியான மனிதர், சர்க்கரை இல்லாத டீ. சுவரைப் பார்த்தார். கழிவறைக் கதவில் புதுத் தாழ்ப்பாளை இரண்டு முறை போட்டு எடுத்துப் பார்த்தார். ஸ்மார்ட் போர்டில் இதயம் துடிப்பதை வில்வநாதன் சார் ஓட்டிக் காட்டினார். "கவர்ன்மென்ட் ஸ்கூல்னு சொன்னா நம்ப மாட்டாங்க மேடம்" என்று இணை இயக்குநர் என்னிடமே சொன்னார். காதில் தேன் பாய்ந்தது.

பிறகு பத்தாம் வகுப்பு. அவரும் நானும் கரும்பலகை அருகே பிள்ளைகளைப் பார்த்தபடி நின்றோம். ரெஜினா ஜன்னலோரம். வில்வநாதன் சார் வாசல்படியில்.

"ஓம் விதி யாருக்குத் தெரியும்?"

எல்லாக் கையும் மேலே. கடைசி பெஞ்ச் பையன் ஒருவனின் இடது கையை அவர் கவனித்துவிட்டார். "என்ன தம்பி, லெஃப்ட் ஹேண்டா?" எனக்கு உயிர் போய் வந்தது. "ஆமா சார், சின்னதுலேர்ந்தே" என்றேன். அவன் பாவம், தலையை ஆட்டிவிட்டான். நான் கோபிகாவைக் காட்டினேன். வலது கை. கணீரென்று சொன்னாள். அடுத்து இரண்டு கணக்கு, ஒரு திருக்குறள். எல்லாம் முத்து முத்தாக வந்தது.

ஃபைலை மூடிவிட்டார். கிளம்பும்போது எல்லா அதிகாரிகளும் கேட்கிற அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"பொண்ணுங்கள்லாம் சொல்லுங்க. இந்த ஸ்கூல்ல பயமில்லாம, பாதுகாப்பா இருக்கீங்களா?"

எல்லாக் கையும் எழுந்தது.

மூன்றாவது பெஞ்சில் கோபிகாவின் இடது கை. அவள் பக்கத்தில் இருந்த இரண்டு பெண்களும் இடது கை. முன் பெஞ்சில் ஒருத்தி முதலில் வலது கையைத் தூக்கினாள். பிறகு பின்னால் திரும்பிப் பார்த்தாள். வலது கை இறங்கியது, இடது கை ஏறியது. தங்கராசுவின் பேத்தி அவள். ஒருத்திகூட வாசல் பக்கம் பார்க்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"வெரி குட்! இதுதான் வேணும்" என்றார் அவர். வில்வநாதன் சார்தான் முதலில் கை தட்டினார். எல்லாரும் தட்டினோம்.

காரில் ஏறும்போது "நல்ல ரிப்போர்ட்டா எழுதறேன்" என்றார். சமையல்காரம்மா செய்த கேசரி எல்லாருக்கும் பிடித்திருந்தது.

அந்தக் கைகளைப் பற்றி: தெரியாவிட்டால் இடது கை என்றுதானே நான் சொல்லிக்கொடுத்தேன்? இல்லை என்றால் இடது கை என்று சொல்லிக்கொடுக்கவில்லையே. கேள்வி சரியாகப் புரிந்திருக்காது. ஒருத்தி தூக்கியதைப் பார்த்து அடுத்தவள் தூக்கியிருப்பாள். ஆட்டு மந்தைகள்.

ஜனவரி 23, வியாழன்

காலை வழிபாட்டில் எல்லா மாணவர்களையும் பாராட்டினேன். சிலிண்டர் புக் செய்ய வேண்டும்.

ஜனவரி 24, வெள்ளி

மாலை ரெஜினா வந்து கதவைச் சாத்தினாள். அவள் கதவைச் சாத்துகிற ஆளே இல்லை.

"மேடம், நீங்க பாத்தீங்கல்ல?"

"எதை?"

"மேடம், ப்ளீஸ். நீங்களும் நானும்தான் பாத்தோம். வேற யாருக்கும் அது புரியாது. நமக்குப் புரியும்."

பிள்ளைகள் அவளிடம் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லையாம். ஆனால் லேபுக்குத் தனியாகப் போக மாட்டேன் என்று அழுகிறார்களாம். ரெக்கார்டு கையெழுத்துக்குப் போகிறவளோடு இன்னொருத்தி வாசல் வரை போய் வெளியே நின்று சத்தமாகப் பாடம் படிக்கிறாளாம், உள்ளே இருப்பவருக்குக் கேட்க வேண்டும் என்று. அந்த முறையை அவர்களாகவே வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"போக்சோ ட்ரெய்னிங்ல சொன்னாங்களே மேடம். தெரிஞ்சும் நாம சொல்லலைன்னா நாமளும் குத்தவாளிதான்."

"என்ன தெரியும் உங்களுக்கு? கை தூக்கினதை எழுதிக்கிட்டுப் போய்க் குடுப்பீங்களா? எந்தக் கைன்னு கேட்டா, எதுக்கு இடது கைன்னு கேட்டா, நாம என்ன சொல்றது?"

அவள் கதவுப் பக்கம் திரும்பினாள்.

"ரெஜினா, ஆர்டர் வர்ற நேரம். இப்ப பேப்பர்ல பேர் வந்தா இந்த ஊருக்குப் பதினொண்ணாவது கனவுதான். இந்தப் பொண்ணுங்களுக்காகத்தானே எல்லாம்? ஜூன் வரைக்கும் பொறுங்க. அதுக்குள்ள நான் பாத்துக்கறேன்."

"ஜூன் வரைக்கும் அவங்க எப்படிப் பொறுப்பாங்க மேடம்?"

நான் ஹெச்.எம். என்பதை அவளுக்கு நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

ஜனவரி 27, திங்கள்

நான் சும்மா இருந்துவிட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. ஸ்பெஷல் கிளாஸை லேபிலிருந்து நடு ஹாலுக்கு மாற்றிவிட்டேன். லேப் கதவு எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்று வாய்மொழியாக உத்தரவு. யார் மனமும் புண்படாமல், சத்தம் இல்லாமல் முடித்தாயிற்று.

சாயங்காலம் வில்வநாதன் சார் சிரித்துக்கொண்டே வந்தார். வீட்டு மரத்து சப்போட்டா ஒரு பை நிறையக் கொண்டுவந்தார்.

"என்ன மேடம், திடீர்னு? பிள்ளைங்க யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"அதெல்லாம் இல்ல சார். ஹால்ல காத்து நல்லா வருதுன்னுதான்."

"யாரு மேடம், கோபிகாவா? நல்லாப் படிக்கிற பொண்ணு, ஆனா கொஞ்சம் வாய் ஜாஸ்தி."

"யாரும் ஒண்ணும் சொல்லலை சார்."

சப்போட்டா நன்றாகப் பழுத்திருந்தது. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். என்னமோ சாப்பிடத் தோன்றவில்லை.

ஜனவரி 30, வியாழன்

கோபிகா வரவில்லை.

ஜனவரி 31, வெள்ளி

கோபிகா வரவில்லை. அவள் பெஞ்சில் மற்ற இருவரும் இடம் விட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நகர்ந்து உட்காருங்கள் என்றேன். நகர்ந்தார்கள். நான் வெளியே வந்ததும் திரும்பவும் இடம் விட்டுவிட்டார்கள்.

பிப்ரவரி 6, வியாழன்

அஞ்சலை போன் செய்தாள்.

"டீச்சர், பாப்பா ஸ்கூலுக்கு வர மாட்டேங்குது. கேட்டா வயித்து வலிங்குது. ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன், ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. சோறு திங்க மாட்டேங்குது. போன வாரம் நோட்டுல கையெழுத்து வாங்கப் போன அன்னிலேர்ந்துதான் இப்படி. ஸ்கூல்ல ஏதாச்சும் நடந்துச்சுங்களா டீச்சர்?"

ரெக்கார்டு நோட்டுக்கு இன்னும் லேபுக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. ஸ்பெஷல் கிளாஸை மாற்றிய எனக்கு அதை மாற்றத் தோன்றவில்லை. கதவைத் திறந்துதானே வைக்கச் சொன்னேன்?

"ஒண்ணும் இல்லம்மா. பத்தாவது இல்லையா, பரீட்சை பயம். எல்லாப் பிள்ளைக்கும் வர்றதுதான்" என்றேன்.

"அப்படிங்களா டீச்சர். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

போனை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். பரீட்சை பயமும் இருக்கும்தானே. இருக்காது என்று யார் சொல்ல முடியும்?

பிப்ரவரி 12, புதன்

இனி ரெக்கார்டு நோட்டுகளை ரெஜினா மொத்தமாகச் சேர்த்து ஆசிரியர் அறையில் கொடுத்து வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். ரெஜினா நன்றி சொல்லவில்லை. "இதை அன்னிக்கே செஞ்சிருக்கலாம் மேடம்" என்றாள். அவளுக்கு என்னிடம் பேசவே பிடிக்கவில்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்

அறிவியல் செய்முறைத் தேர்வு. கோபிகா வரவில்லை. செய்முறைக்கு இருபத்தைந்து மதிப்பெண் எங்கள் கையில்.

மாலையில் வில்வநாதன் சார் மதிப்பெண்களைக் கொண்டுவந்தார். கோபிகாவுக்கு இருபத்தைந்துக்கு இருபத்தைந்து.

"அந்தப் பொண்ணு வரவே இல்லையே சார்?"

"பாவம் மேடம், உடம்பு சரியில்லைன்னாங்க. ஆப்சென்ட் போட்டா ஃபெயில் ஆயிடும். ஸ்கூல் பேரும் கெடும். ஆர்டர் வர்ற நேரம்னு நீங்கதானே சொன்னீங்க?"

ஆர்டரைப் பற்றி நான் ரெஜினாவிடம்தான் சொன்னேன், கதவைச் சாத்திக்கொண்டு. பிறகு நினைத்துப் பார்த்தால், எல்லாரிடமும்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அவர் பேனாவின் மூடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். அந்தப் பெண்ணின் நன்மைக்குத்தான். மற்ற எந்த வழியிலும் அந்த இருபத்தைந்து அவளுக்குக் கிடைக்காது.

வீட்டுக்கு வந்து பாத்திரம் எல்லாவற்றையும் மறுபடி கழுவினேன், கழுவியிருந்ததையும் சேர்த்து.

மார்ச் 28, வெள்ளி

பொதுத் தேர்வு ஆரம்பம். தமிழ். கோபிகாவின் இருக்கை காலி. ஹால் டிக்கெட்டை வீட்டுக்கே கொடுத்து அனுப்பியிருந்தேன். வாங்கிக்கொண்டாளாம்.

ஏப்ரல் 15, செவ்வாய்

தேர்வு முடிந்தது. அவள் ஒன்றுக்கும் வரவில்லை. வெளியே பையன்கள் ஒருவர்மேல் ஒருவர் இங்க் தெளித்துக்கொண்டு கத்தினார்கள். பெண்கள் சத்தம் போடாமல் போனார்கள். வருடா வருடம் என்னிடம் வந்து ஆட்டோகிராப் நோட்டை நீட்டுவார்கள். இந்த வருடம் ரெஜினாவிடம் மட்டும் நீட்டினார்கள்.

மே 16, வெள்ளி

ரிசல்ட். நூற்றுக்கு நூறு.

தேர்வு எழுதியவர்களை மட்டும்தான் கணக்கில் எடுப்பார்கள். எழுதாதவர்கள் தோற்றவர்கள் இல்லை, அவர்கள் கணக்கிலேயே வர மாட்டார்கள். இது நான் வைத்த விதி இல்லை. எத்தனையோ வருடமாக எனக்குத் தெரிந்த விதிதான், ஆனால் இன்று அதை இரண்டு முறை படித்தேன்.

தங்கராசு வெடி வைத்தார். வாசலில் ஃபிளெக்ஸ்: "மாவட்டத்தின் முன்மாதிரிப் பள்ளி." அதில் என் படம் பெரிதாக, வில்வநாதன் சார் படம் அதைவிடக் கொஞ்சம் சின்னதாக. அவருக்குச் சால்வை போர்த்த என்னைத்தான் கூப்பிட்டார்கள். போர்த்தினேன். தங்கராசுவின் பேத்தி தட்டில் லட்டு கொண்டுவந்தாள். எல்லாருக்கும் கொடுத்தாள். வில்வநாதன் சாரிடம் வந்தபோது தட்டைப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். "வெக்கம்" என்று சிரித்தார் தங்கராசு. அவருடைய சொந்தப் பேத்தி.

தங்கராசுவை அங்கேயே உலுக்கிச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. லட்டைப் போட்டு அடைத்துக்கொண்டேன்.

ஜூன் 4, புதன்

ஆர்டர் வந்துவிட்டது. மேல்நிலைப் பள்ளி.

எத்தனை வருடக் கனவு! அழுதேன். எதற்காக அழுகிறேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. பியூன் ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து டீ வாங்கி வந்தார்.

ரெஜினாவைக் கூப்பிட்டேன். "ஜூன்னு சொன்னேனே, வந்தாச்சு. இனி பாத்துக்கலாம்" என்றேன்.

"பதினொண்ணாவதுக்கு உயிரியல் யார் மேடம் எடுக்கப் போறது?" என்றாள்.

அவளுக்கு பதில் தெரியும். எனக்கும் தெரியும். அந்தத் தகுதி உள்ளவர் பள்ளியில் ஒருவர்தான். பெண் பிள்ளைகள் இன்னும் இரண்டு வருடம் இங்கேயே படிக்க வேண்டும் என்றுதானே இவ்வளவும் செய்தேன். அந்த இரண்டு வருடத்தை யாரிடம் கொடுக்கப் போகிறேன் என்று இதுவரை நினைத்தே பார்க்கவில்லை. நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. முழங்கால் இல்லை காரணம். முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

கோபிகா வீட்டுக்குப் போனேன். முதல் முறை. காலனியின் கடைசி வீடு, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அஞ்சலை பதறிப்போய் பிளாஸ்டிக் நாற்காலியைச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டாள்.

கோபிகா கீழே உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மொத்த வியாபாரிக்குக் கூலிக்கு உரிக்கிறார்கள். பாதியாக இளைத்திருந்தாள். என்னைப் பார்த்து எழுந்து நின்றாள், அவ்வளவுதான். "வணக்கம் மேடம்" இல்லை.

"புதன்கிழமை திருப்பூருக்கு எங்க நாத்தனாரோட அனுப்பறேன் டீச்சர். பனியன் கம்பெனி. இங்க இருந்தா இப்படியே சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கு" என்றாள் அஞ்சலை.

வருகிற வழியெல்லாம் பேச வேண்டியதைத் தயார் செய்துகொண்டுதான் போயிருந்தேன். துணைத் தேர்வு ஜூலையில் இருக்கிறது, நானே பணம் கட்டிப் பெயர் கொடுக்கிறேன். பதினொன்றாம் வகுப்பு இனி உள்ளூரிலேயே. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் உரித்துக்கொண்டே இருந்தாள்.

அஞ்சலை டீ வாங்கக் கிளம்பினாள். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. நாங்கள் இருவர் மட்டும்.

"கோபிகா, அன்னிக்கு நீ தூக்கின கையை நான் பாத்தேன்" என்றேன்.

வெங்காயம் உரிப்பது நின்றது.

"தெரியும் மேடம்" என்றாள். அவ்வளவு நேரத்தில் அவள் பேசிய ஒரே வார்த்தை அதுதான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"இனிமே விட மாட்டேன். நானே போலீசுக்குப் போறேன். உன் பேர் வெளிய வராம பாத்துக்கறேன். அந்த ஆளு இனி அந்த ஸ்கூல் வாசல்ல கால் வைக்க மாட்டாரு. ஸ்கூல் பேர் போனாலும் சரி, என் வேலை போனாலும் சரி." என் குரல் எனக்கே மேடைப் பேச்சுப் போலக் கேட்டது. நிறுத்தினேன்.

அஞ்சலை டீயோடு வந்து நிலைப்படியில் நின்றாள். கடைசி வார்த்தைகள் அவள் காதில் விழுந்தனவா என்று தெரியவில்லை.

"நான் உன் கூட இருக்கேன்டா. மேடத்தை நம்பறியா?"

அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

"டீச்சர் கேக்கறாங்கல்ல, சொல்லு பாப்பா. நம்பறேன்னு சொல்லு" என்றாள் அஞ்சலை.

கோபிகா என்னை நேராகப் பார்த்தாள். ஜனவரியில் அந்த பெஞ்சிலிருந்து பார்த்த அதே பார்வை. மெதுவாகக் கையைத் தூக்கினாள். விரல்களில் வெங்காயத் தோல் ஒட்டியிருந்தது.

இடது கை.

"பாத்தீங்களா டீச்சர்!" அஞ்சலையின் முகம் மலர்ந்துவிட்டது. "எத்தனை மாசமாச்சு, யாரு கேட்டாலும் வாயைத் திறக்காம இருந்துச்சு. நீங்க கேட்டதும் கை தூக்கிடுச்சு பாருங்க. நீங்க வந்ததே போதும் டீச்சர். டீயைக் குடிங்க, ஆறிடப் போவுது."

குடித்தேன். அந்தத் தாயிடம் எதையும் சொல்ல எனக்கு நா எழவில்லை. தெரு முனை வரை வந்து வழியனுப்பினாள்.

ஜூன் 9, திங்கள்

ரெஜினாவும் நானும் காலையிலேயே அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போனோம். எல்லாவற்றையும் சொன்னேன், கை தூக்கப் பழக்கியது முதல். எழுதிக்கொண்டிருந்த பெண் எஸ்.ஐ. சின்ன வயசு, எங்கள் பள்ளி மாதிரி ஒரு பள்ளியில்தான் படித்திருப்பாள். வலது இடது என்று நான் விளக்க ஆரம்பித்ததும், "தெரியும் மேடம், நாங்களும் தூக்கியிருக்கோம்" என்றாள்.

பிறகு கேட்டாள்: "இது உங்களுக்கு எப்ப தெரியும்?"

ரெஜினா என் பக்கம் திரும்பவில்லை.

"ஜனவரி இருபத்திரண்டு" என்றேன்.

அவள் பேனாவை நிறுத்தி, சுவரில் தொங்கிய காலண்டரை ஒரு முறை பார்த்துவிட்டு, எழுதிக்கொண்டாள்.